காற்று எங்கே போனது? ஆஃப்-ரோடு வண்டியின் பஞ்சருக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

தார் ரோட்டில் பஞ்சர் ஆனால் ஓரங்கட்டி, ஸ்டெப்னியை மாட்டி, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். கற்பாதையிலோ ஆற்று மணலிலோ அதே பஞ்சர் வேறு ரகம். தரை சமமாக இருக்காது, ஜாக்கி புதையும், நட்டெல்லாம் சேறு அப்பியிருக்கும். போதாததற்கு, டயரைக் குத்திய கல்லின் பங்காளிகள் வழி நெடுக இன்னும் படுத்திருக்கும். முதல் பஞ்சரிலேயே ஸ்டெப்னியைச் செலவழித்துவிட்டால் இரண்டாவதுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் ஸ்டெப்னியில் கை வைப்பதை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். முதலில் காற்று எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிப்பது, பிறகு சக்கரத்தைக் கழற்றாமலே அடைக்கப் பார்ப்பது, முடியாவிட்டால்தான் மாற்றுவது. கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது. உங்கள் டயர் என்ன சொல்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் கிளம்பும் முன் செய்ய வேண்டியதை மட்டும் தாண்டிவிடாதீர்கள். காட்டுக்குள் தவிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலிலேயே கோட்டை விட்டவர்கள்.

கிளம்பும் முன்

ஸ்டெப்னி என்ற சொல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-ல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் கூடுதல் சக்கரம் ஒன்றைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் என்ற ஏற்பாடே கிடையாது. நமக்கு இன்று அது இருக்கிறது, ஆனால் அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மறந்துபோகிறது. ஸ்டெப்னியில் தேவையைவிட 4, 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அதிகமாக வைத்திருங்கள். இறக்குவது எளிது, ஏற்றுவதுதான் கஷ்டம். வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் வகை என்றால் ஒருமுறை முழுதாக இறக்கிப் பாருங்கள். துருவும் சேறும் சேர்ந்து அந்தச் சங்கிலி இறுகிப் போயிருப்பது சகஜம். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது தரையைத் தொடும் மேல் பகுதி, புத்தம் புதிதாக இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டியிருக்கலாம்.

அடுத்தது வீல் ஸ்பேனர். நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டையாவது உங்கள் ஸ்பேனரால், உங்கள் கையால் கழற்றி மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் காற்றழுத்தக் கருவியால் இறுக்கிய நட்டு வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனருக்கு அசையாது. கைப்பிடியில் செருகி நீட்டிக்கொள்ள ஒரு இரும்புக் குழாய் போதும். திருட்டைத் தடுக்கும் லாக் நட்டு போட்டிருந்தால் அதன் சாவி வண்டிக்குள் இருக்க வேண்டும். என்னுடையது ஒருமுறை வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.

ஜாக்கி: பெரிய டயர் போட்டிருந்தாலோ வண்டியை உயர்த்தியிருந்தாலோ கம்பெனி ஜாக்கிக்கு உயரம் எட்டாது. இதையும் வாசலிலேயே தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கூடவே ஒரு முழ அகலச் சதுரத்தில் தடிமனான பிளைவுட் பலகை. மணலிலும் சேற்றிலும் அது இல்லாமல் ஜாக்கிக்கு வேலையே இல்லை.

பஞ்சர் பெட்டியில் நான் வைத்திருப்பது: பஞ்சர் திரி (ஓட்டையை அடைக்கும் ரப்பர் கயிறு) இருபது, அதை ஒட்டவைக்கும் சொல்யூஷன், துளையைத் தேய்த்துச் சீராக்கும் ரம்பக் கம்பி, திரி செருகும் ஊசி, கட்டிங் பிளையர், கத்தி, சாக்பீஸ், தலையில் மாட்டும் டார்ச், சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில், வால்வு பின் (வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சிறு ஊசி) நான்கைந்து, அதைத் திருகும் சிறு கருவி, சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் ஒன்று. ரம்பக் கம்பிக்கும் ஊசிக்கும் பிளாஸ்டிக் பிடி வேண்டாம். பெரிய வண்டியின் டயரில் இரும்புக் கம்பிப் பின்னல் தடிமனானது, அழுத்தும்போது பிளாஸ்டிக் பிடி உடைந்து உள்ளங்கையைக் குத்தும். ‘டி’ வடிவ இரும்புப் பிடிதான் சரி.

காற்றடிக்கும் கம்ப்ரஸரைப் பற்றி ஒன்று. சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10-லிருந்து 15 ஆம்பியருக்குள்தான். பெரிய டயருக்கான கம்ப்ரஸர் அதைவிட அதிகம் இழுக்கும். நேராக பேட்டரியில் கவ்வும் வகையை வாங்குங்கள், இன்ஜினை ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள். கையைச் சுடும் அளவுக்குச் சூடானால் ஓய்வு கொடுங்கள்.

அறிகுறி: காலையில் பார்த்தால் காற்று குறைந்திருக்கிறது, ஓட்டையைக் காணோம்

முதலில் கசிவு உண்டா என்றே உறுதி செய்துகொள்ளுங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். நேற்று மதிய வெயிலில் ஓடிச் சூடேறிய டயரில் அளந்துவிட்டு இன்று விடிகாலைப் பனியில் அளந்தால் 4, 5 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டுவதில் அதிசயமில்லை. மலை ஏறி இறங்கினாலும் இந்தக் குழப்பம் வரும். வெளிக்காற்றின் அழுத்தம் மேலே போகப் போகக் குறைவதால், சுமார் 600 மீட்டர் ஏறினால் காற்றை அளக்கும் கேஜ் 1 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். உச்சியில் சரிபார்த்து வைத்த டயர் அடிவாரத்தில் குறைவாகத் தெரியும். நான்கிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வானிலையின் வேலை. ஒன்றில் மட்டும் என்றால் கசிவு.

கசிவு என்று ஆனபின் எல்லோரும் பட்டனைத் தடவ ஆரம்பிப்பார்கள். நான் வால்விலிருந்து தொடங்குவேன். மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துப் பத்து விநாடி பாருங்கள். பளபளவென்று நிற்கும் அந்தப் படலம் மெல்ல உப்பி ஒரு குமிழி எழுந்தால் திருடன் அகப்பட்டான். ஒருமுறை இரண்டு நாளாக ஒரு சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டே வந்து, பட்டனில் ஒவ்வொரு பள்ளமாகச் சோப்புத் தண்ணீர் விட்டுச் சலித்துப் போன பிறகுதான் எனக்கு இந்த எச்சில் வைத்தியம் நினைவுக்கு வந்தது. வால்வு பின் கால் சுற்று தளர்ந்திருந்தது. திருகினேன், தீர்ந்தது.

பின்னை இறுக்கியும் குமிழி வந்தால் அதன் நுனியில் மணல் துகள் மாட்டியிருக்கும். பின்னைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள், இல்லையேல் புதியது போடுங்கள். வெறும் விரல் பலத்துக்குக் கொஞ்சம் மேல் இறுக்கினால் போதும், முறுக்கித் தள்ள வேண்டாம். அப்புறம் வால்வின் ரப்பர் தண்டை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே ஸ்பிரே அடியுங்கள். வளைக்கும்போது மட்டும் குமிழி வந்தால் தண்டின் அடியில் விரிசல். அதை வழியில் சரிசெய்ய முடியாது, டயரைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். அதுவரை காற்றடித்துக் காற்றடித்து ஓட்டலாம், தண்டை அசைக்காமல். மூடியை அலட்சியமாக நினைக்காதீர்கள். சேறும் மணலும் உள்ளே போகாமல் காப்பது அதுதான், உள்ளே ரப்பர் வளையம் உள்ள மூடி என்றால் சிறு கசிவையும் தடுக்கும்.

வால்வு சரி என்றால் பட்டன் முழுக்க ஸ்பிரே அடியுங்கள், வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மீதியையும் பாருங்கள். அதிலும் ஒன்றுமில்லை என்றால் டயர் ரிம்மோடு சேரும் ஓரம், பஞ்சர் கடைக்காரர்கள் பீடிங் என்பார்களே, அங்கே சுற்றிலும் அடியுங்கள். வெளிப்பக்கம் மட்டுமல்ல, உள்பக்கமும். பால் நுரை போல வரிசையாகப் பொடிக் குமிழிகள் வந்தால் மணலோ காய்ந்த சேறோ இடுக்கில் புகுந்திருக்கிறது. குறைந்த காற்றில் மணலில் ஓட்டியவர்களுக்கு இது அடிக்கடி வரும். சில சமயம் காற்றைக் கொஞ்சம் கூட்டி, அந்த இடத்தில் ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டினாலே நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, காற்றை இறக்கி, பீடிங்கைக் காலால் அழுத்திப் பிரித்து, தண்ணீரால் கழுவி, மறுபடி காற்றடிக்க வேண்டும்.

அறிகுறி: ‘உஸ்’ என்ற சத்தம், பட்டனில் ஆணியோ கூர்க்கல்லோ தெரிகிறது

நல்ல செய்தி இது. டியூப் இல்லாத டயர் என்றால் வழியிலேயே அடைத்துவிடலாம், சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டாம். ஒரே ஒரு விதி: ஆணியை உடனே பிடுங்காதீர்கள். அது இருக்கிற வரைக்கும் பாதி அடைப்பு அதுவேதான். பெட்டியைத் திறந்து, கம்ப்ரஸரை மாட்டி, திரியை ஊசியில் கோத்து, எல்லாம் தயாரான பின்தான் அதில் கை வைக்க வேண்டும். பேசினால் காது கொடுக்காமல் முதலில் ஆணியைப் பிடுங்கிவிட்டு, ‘எங்கேப்பா ஓட்டை?’ என்று தேடும் நண்பர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார்.

சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றிப் பெரிய வட்டம் போடுங்கள். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் பட்டன் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பின் சக்கரம் என்றால் ஆணி இடுப்பு உயரத்துக்கு, உங்கள் கைக்கு நேராக வரும்படி வண்டியை நகர்த்தி நிறுத்துங்கள். ஆணி எந்தக் கோணத்தில் இறங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். நேராக இறங்கியிருப்பது அபூர்வம். ரம்பக் கம்பியும் ஊசியும் அதே சாய்வில்தான் போக வேண்டும், இல்லையென்றால் டயருக்குள் இரண்டாவதாக ஒரு வழி வெட்டிவிடுவீர்கள்.

இப்போது பிளையரால் ஆணியை உருவி, தாமதிக்காமல் ரம்பக் கம்பியைச் செலுத்துங்கள். முதலில் கம்பி போகாது. உடல் எடையைப் போட்டு, வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டே அழுத்தினால் ‘கரக்’ என்று இரும்புப் பின்னலைத் தாண்டி உள்ளே விழும். ஏழெட்டு முறை உள்ளே வெளியே இழுங்கள். இதைச் செய்ய மனம் வராது, ஓட்டையைப் பெரிதாக்குகிறோமே என்று தோன்றும். ஆனால் அறுந்த கம்பி முனைகள் மழுங்கவில்லை என்றால் அவையே நாளை திரியைத் தின்றுவிடும்.

திரிக்குச் சொல்யூஷன் தடவி, அதே சாய்வில் ஊசியோடு அழுத்துங்கள். திரியின் இரு வால்களும் விரற்கடை நீளம் வெளியே தெரியும் வரை உள்ளே போகட்டும். பிறகு ஊசியை முறுக்காமல், ஒரே வெட்டாக வெளியே இழுங்கள். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும். டயரில் காற்று முழுக்க இறங்கிப்போயிருந்தால் ஊசியை அழுத்தும்போது டயர் குழைந்து உள்ளே போகும், திரி ஏறாது. அப்போது கம்ப்ரஸரை ஓடவிட்டுக்கொண்டே செருகுங்கள். வெளியே போகிற காற்றைவிட உள்ளே வருவது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே டயர் விறைப்பாக நிற்கும்.

காற்றடித்து, எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துப் பாருங்கள். குமிழி இல்லையென்றால் வால்களைப் பட்டன் மட்டத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள், ஓட்டத்தில் அது தானாகத் தேய்ந்து அமுங்கும். இன்னும் கசிந்தால் அதே ஓட்டையில் இரண்டாவது திரி. கூர்க்கல் வெட்டிய நீளத் துளைக்கு மூன்று, நான்கு திரிகூட நான் செருகியிருக்கிறேன்.

அறிகுறி: பக்கவாட்டில் கிழிசல்

பட்டனுக்குக் கீழே இரும்புப் பின்னல் இருக்கிறது. பக்கச் சுவரில் அது இல்லை, நூலிழைப் பின்னல்தான், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் இடம். அதனால் அங்கே போடும் எந்த அடைப்பும் நிரந்தரமல்ல. ஸ்டெப்னியை எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

ஸ்டெப்னி ஏற்கெனவே செலவாகிவிட்டதா? சரி, அப்போது வெளியே வருவதற்கு மட்டும் ஒரு வழி உண்டு. சிறு குத்து என்றால் ரம்பக் கம்பியை மென்மையாக, ஓரிரு முறை மட்டும் செலுத்தித் திரி போடுங்கள். இங்கே அழுத்தித் தேய்த்தால் நூலிழைகள் அறுந்து ஓட்டை விரியும். விரல் நீளக் கிழிசல் என்றால் திரிகளை நெருக்கி நெருக்கிச் செருகுவார்கள். டயரைக் கழற்ற முடிந்தால் உள்பக்கம் பெரிய ஒட்டு, அதன் மேல் இன்னொரு டயர் துண்டு. டியூப் கையில் இருந்தால் கிழிசலுக்கு உள்பக்கம் தடித்த ரப்பர் துண்டு ஒன்றை வைத்து, டியூபைப் போட்டு ஓட்டிவிடலாம். எதைச் செய்தாலும் நடைவேகம், அரை மணிக்கு ஒருமுறை இறங்கிப் பார்வை. அடைத்த இடம் பலூன் போல வீங்குகிறதா என்று பாருங்கள். வீங்கினால் காற்றைக் குறையுங்கள். காற்றடிக்கும்போதும் பார்க்கும்போதும் முகத்தை அதற்கு நேராக வைக்க வேண்டாம், அது வெடித்தால் கல்லும் சேர்ந்து வரும். தார் ரோடு வந்ததும் அந்த டயரில் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

கிழிசல் இல்லை, பக்கவாட்டில் முட்டை போல ஒரு புடைப்பு மட்டும் என்றால் உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அது இன்னும் காற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது உங்கள் அதிர்ஷ்டம். மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: ஓட்டையே இல்லை, டயர் ரிம்மை விட்டுக் கழன்று கிடக்கிறது

மணலுக்காகக் காற்றை இறக்குவது சரிதான். வண்டியின் எடையையும் டயரையும் பொறுத்து 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் அகலமாகப் படுத்து மணல் மேல் நடக்கும். 15-க்குக் கீழே போனபின் ஒரு திருப்பத்தில் வேகமாக ஸ்டியரிங்கை ஒடித்தால், மணல் டயரைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும், ரிம் மட்டும் திரும்பும். ‘டப்’ என்று பீடிங் விட்டுவிடும். டயருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உடனே நிறுத்தினால்தான் அப்படி. பத்து மீட்டர் ஓட்டினாலும் ரிம் அதை நறுக்கிவிடும்.

சக்கரத்தை ஜாக்கியில் தரையை விட்டு நன்றாகத் தூக்குங்கள். பீடிங்கிலும் ரிம்மின் ஓரத்திலும் உள்ள மணலை ஒன்றுவிடாமல் துடையுங்கள். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகப் பூசுங்கள், வழுக்கினால்தான் ஏறும். வால்வு பின்னைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சிறு ஊசி வழியை அடைத்துக்கொண்டிருக்கும்வரை காற்று வேகமாகப் போகாது. இப்போது கம்ப்ரஸரை மாட்டுங்கள். பல சமயம் டயரைக் கையால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தாலே ஓரம் பற்றிக்கொள்ளும்.

பற்றவில்லையா? ராட்செட் பெல்ட்டை டயரின் பட்டனைச் சுற்றி, நடு வரியில் கட்டி இறுக்குங்கள். பட்டன் உள்ளே அமுங்கினால் இரு ஓரங்களும் வெளிப்பக்கம் விரிந்து ரிம்மைத் தொடும். தொட்டதும் காற்று தங்க ஆரம்பிக்கும். அந்த நிமிடமே பெல்ட்டைத் தளர்த்துங்கள், டயர் உப்பி முழுதும் விறைத்த பின் அவிழ்க்க முடியாது. ‘டங்’, ‘டங்’ என்று இரண்டு சத்தம் வரும், பக்கத்துக்கு ஒன்று. விரல்களை ஓரத்தில் வைக்காதீர்கள். 40 பிஎஸ்ஐ ஆகியும் சத்தம் வரவில்லை என்றால் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. காற்றை விட்டு, இன்னும் சோப்புப் பூசி, மறுபடி முயலுங்கள். ஏறி உட்கார்ந்ததும் கம்ப்ரஸர் குழாயை எடுத்தால் காற்றெல்லாம் சீறிக்கொண்டு போகும், பயப்பட வேண்டாம், பீடிங் அப்படியே நிற்கும். பின்னைத் திருகி மறுபடி நிரப்புங்கள்.

எரியும் வாயுவை உள்ளே அடித்துத் தீப்பொறி வைத்து டயரை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். டயர் வெடிக்கலாம், உள்ளே தங்கிய வாயு பின்னால் வேலை செய்பவர் கையில் பற்றலாம். ஒரு பெல்ட் செய்யும் வேலைக்கு அது தேவையே இல்லை.

அறிகுறி: பாறையில் இடித்த பிறகு ஓரத்தில் கசிவு

ரிம் நசுங்கியிருக்கிறது. இரும்பு ரிம் என்றால் பெரிய சுத்தியலால் வளைந்த உதட்டை மெல்ல மெல்ல நிமிர்த்தலாம், ரப்பரில் அடி படாமல் இடையில் மரக்கட்டை கொடுத்து. அழகாக வர வேண்டியதில்லை, பீடிங் உட்கார்ந்தால் சரி. அலாய் ரிம் அப்படி வளைந்து கொடுக்காது, அடித்தால் விரிசல் விடும். விரிசல் தெரிந்தால் அந்தச் சக்கரம் அவ்வளவுதான்.

அறிகுறி: டியூப் டயர், டியூபில் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை

இது ஆணி அல்ல. காற்றுக் குறைவாக ஓட்டி, கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியது. பாம்பு கடித்த தடம் போல ஜோடியாக இருக்கும். ஒன்றை ஒட்டிவிட்டு மற்றதைப் பார்க்காமல் மாட்டினால் எல்லா வேலையும் மறுபடி. வால்வின் அடிவேரில் கிழிந்திருந்தால் காற்றுக் குறைவில் டயர் ரிம்மின் மேல் நழுவி டியூபை இழுத்திருக்கிறது. அந்த இடத்தில் ஒட்டு நிற்காது, வேறு டியூப்தான். இரண்டுமே மறுபடி வராமல் இருக்கக் காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். சாதாரண ஆணி ஓட்டை என்றால், டியூபை மாட்டும் முன் டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் தடவுங்கள். முள் முனை இருந்தால் துணி சிக்கும். வெறும் விரலால் தடவினால் விரல் சிக்கும்.

அறிகுறி: அடைத்தாயிற்று, ஆனால் மறுபடி இறங்குகிறது

திரியைக் குறை சொல்லும் முன் டயரின் மற்ற பக்கத்தைப் பாருங்கள். முட்காட்டிலும் பழைய கட்டடக் கழிவு கிடக்கும் இடத்திலும் ஒரே டயரில் இரண்டு மூன்று குத்து சாதாரணம். முதல் ஓட்டையைக் கண்ட சந்தோஷத்தில் தேடலை நிறுத்திவிடுவோம்.

வேறு ஓட்டை இல்லை, திரியின் ஓரத்திலேயே குமிழி என்றால் இன்னொரு திரி. அதுவும் நிற்கவில்லை என்றால் காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று யோசியுங்கள். தட்டையாக ஓடிய டயரின் பக்கச் சுவர் உள்ளே ரிம்மில் அரைபட்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் காப்பித் தூள் போலக் கருப்பு ரப்பர் பொடி கொட்டும். அந்தப் பொடியைப் பார்த்துவிட்டால் டயரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும்.

உள்ளே ஊற்றும் பஞ்சர் திரவத்தைப் பற்றி: பட்டனில் உள்ள சிறு துளைக்கு அது பிடிக்கும். கிழிசலுக்கும் பீடிங் கசிவுக்கும் பிடிக்காது. ஊற்றிய பின் திரி செருகினால் கையெல்லாம் வழியும், சொல்யூஷன் ஒட்டாது. உள்ளே காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள சக்கரமானால் அதையும் அடைக்கும். திரி போடத் தெரிந்தவருக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

அறிகுறி: வண்டியைத் தூக்கினால் சரிகிறது, ஜாக்கி புதைகிறது

கழற்றியே ஆக வேண்டும் என்று முடிவான பின் வரும் தலைவலிகள் இனி. தூக்கும் முன்பே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், சக்கரம் தரையில் இருந்தால்தான் பலம் போட முடியும். தூக்காத சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதும் இரு சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்ற, தரையில் உள்ளது உருள, வண்டி ஜாக்கியை விட்டு நகர்ந்துவிடும்.

ஜாக்கிக்கு அடியில் பலகை. பலகையும் புதைந்தால் மேல் மணலைக் கையால் வாரி ஈரமான கெட்டித் தரை வரும் வரை தோண்டி அங்கே வையுங்கள். ஜாக்கியை முடிந்தால் ஆக்ஸிலுக்கு அடியில் வையுங்கள். சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தூக்கினால் ஸ்பிரிங் நீண்டுகொண்டே போகும், சக்கரம் எழவே எழாது. ஜாக்கி உயரம் போதவில்லை என்றால் சக்கரத்துக்கு அடியில் பள்ளம் தோண்டுங்கள், அதே பலன். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஜாக்கி சறுக்கினால் வண்டி அதன் மேல் இறங்கும், உங்கள் மேல் அல்ல.

நட்டு அசையாவிட்டால் குழாயை மாட்டி, ஸ்பேனரின் பிடி படுக்கைவாட்டில் இருக்கும்படி வைத்து, காலால் மெல்ல எடை கொடுங்கள். குதிக்காதீர்கள், ஸ்பேனர் நழுவினால் முழங்கால் தொலைந்தது. நட்டெல்லாம் கழன்ற பிறகும் சக்கரம் அது மாட்டியிருக்கும் ஹப்பை விட்டு வரவில்லை என்றால் துரு பிடித்து ஒட்டியிருக்கிறது. இரண்டு நட்டைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு டயரின் பக்கத்தில் மேலும் கீழும் மாற்றி மாற்றி உதையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் எல்லா நட்டையும் ஒரு சுற்றுத் தளர்வாக மாட்டி வண்டியைக் கீழே இறக்கி ஓரடி முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக்’ என்று விடும்.

அறிகுறி: ஸ்டெப்னி மாட்டிய பின் ஆட்டம், சத்தம், இழுப்பு

‘டிக் டிக்’ என்று சத்தத்தோடு ஆட்டம் என்றால் உடனே நிறுத்துங்கள், நட்டு தளர்வு. நட்டின் கூம்புப் பக்கம் ரிம்மைப் பார்த்திருக்கிறதா, ஹப்பில் சேறு ஒட்டியிருந்ததா என்று பாருங்கள். இடையில் சேறு இருந்தால் முதலில் இறுகியது போல் இருக்கும், ஓட ஓடச் சேறு உதிர்ந்து தளரும். வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, நட்சத்திரம் வரைவது போல இறுக்குங்கள். 50, 80 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை.

ஸ்டெப்னி மற்ற டயரைவிடச் சிறியது அல்லது பட்டன் ரொம்ப வித்தியாசம் என்றால் கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட வேண்டாம். சுற்றளவு வேறுபடும் சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டாயப்படுத்தப்பட்டால் கியரும் ஷாஃப்ட்டும் முறுக்கேறும். ஸ்டியரிங் இறுகுவதும், கம்பியை வளைத்தது போல வண்டி விறைப்பதும் அதன் அடையாளம். மணலிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு விட்டுப்போகும்.

டேஷ்போர்டில் டயர் விளக்கு மட்டும் எரிகிறது, டயரெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் காற்றை நீங்களே இறக்கியிருப்பீர்கள், அல்லது ஸ்டெப்னியில் சென்சார் இருக்காது. விளக்கை விட்டுவிட்டுக் கேஜைப் பாருங்கள். நான்கு சக்கர ஏடிவி (கைப்பிடியால் ஓட்டும் சிறு காட்டு வண்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த டயர்கள் 5 பிஎஸ்ஐ சுமாரில் ஓடுபவை. கார் கேஜ் அந்த அளவில் ஊகம்தான் சொல்லும், குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தனியாக வேண்டும்.

தார் ரோடு ஏறிய பிறகு

வேகமெடுக்கும் முன் நான்கிலும் காற்றை முழு அளவுக்கு ஏற்றுங்கள். 18 பிஎஸ்ஐயில் நெடுஞ்சாலை வேகத்தில் போனால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, காட்டில் தப்பித்த டயர் ரோட்டில் வெடிக்கும். திரி போட்ட டயரை அதே வாரத்தில் கழற்றி, உள்பக்கத்திலிருந்து ஒட்டுப் போடச் சொல்லுங்கள். பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டருக்குள் உள்ள துளை என்றால் அது நிரந்தர வேலையாக நிற்கும். அதற்கு மேல் அகலம் என்றாலோ, தோள்பட்டை (பட்டனும் பக்கச் சுவரும் சேரும் இடம்), பக்கச் சுவர் என்றாலோ டயரையே மாற்ற வேண்டியதுதான். கடையில் நிற்கும்போதே செலவழித்த திரிகளையும், ஒருமுறை திறந்தாலே காய்ந்துவிடும் சொல்யூஷனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். கழற்றிய டயரை ஸ்டெப்னி இடத்தில் மாட்டும் முன் காற்றை அளந்து கொள்ளுங்கள்.